சீலியாக் மருந்து ஆய்வில் தம்பியைச் சேர்க்கலாமா?

அக்கா, பெங்களூரில் சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்ணாக்கும் நோய்) மருந்து ஆய்வுக்குக் கூப்பிடுகிறார்கள், தம்பியை அனுப்பலாமா என்று பாலக்கோட்டிலிருந்து கேட்டிருந்தீர்கள். முதலில் ஒன்றைக் கேளுங்கள்: ஆய்வின்போது வேண்டுமென்றே குளூட்டன் சாப்பிடக் கொடுப்பார்களா, எத்தனை கிராம், எத்தனை வாரம்? பல சீலியாக் ஆய்வுகளில் இது உண்டு, ஆறிய குடல் மறுபடி புண்ணாகலாம், அதைப் பார்க்க எண்டோஸ்கோபி போட்டு சிறுகுடலில் துளி சதை எடுப்பார்கள், இத்தனைக்கும் அவருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை விழவும் வாய்ப்பிருக்கிறது.

குளூட்டன் இல்லாத சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே நன்றாக இருக்கிறார் என்றால் நான் சேர்க்க மாட்டேன். கட்டுப்பாடாக இருந்தும் வயிற்றுப்போக்கும் ரத்தசோகையும் விடவில்லையென்றால் யோசிக்கலாம். அதற்கு முன் வீட்டுச் சாப்பாட்டில் குளூட்டன் கலக்கிறதா பாருங்கள். நம் பக்கம் களிதானே சாப்பாடு, ராகியில் குளூட்டன் கிடையாது, ஆனால் மில்லில் கோதுமை அரைத்த கையோடு அதே மிஷினில் ராகியைக் கொட்டினால் மாவில் கலந்துவிடும். கூட்டுப் பெருங்காயத்தில்கூட மைதா சேர்ப்பார்கள், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

சரி, சேருவதென்றே முடிவானால் சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் பாருங்கள். புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் பற்றிய 2019 விதிகளின்படி ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து படித்த பிறகே தம்பி கையெழுத்துப் போடட்டும்.