சிறுதானிய ஆண்டும் சாமை குத்தும் உலக்கையும்

அன்புள்ள ஐயா,

2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. எங்கு பார்த்தாலும் உணவுத் திருவிழா, சிறுதானிய பிஸ்கட், பள்ளிகளில் போட்டி. ஆண்டு முடிந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. இதனால் விவசாயிக்கு என்ன கிடைத்தது? வீண் செலவு என்றே எனக்குப் படுகிறது.

ர., நாமக்கல்

அன்புள்ள ர.,

வீண் என்று நான் சொல்லமாட்டேன். என்னோடு படித்த பையன் ஒருவன் கேழ்வரகுக் களியைத் தூக்குவாளி மூடியால் மறைத்துக்கொண்டே சாப்பிடுவான். இன்று அதே களியைக் கல்யாணப் பந்தியில் கேட்டு வாங்குகிறார்கள். அந்தக் கூச்சம் போனதில் இந்த விழாக்களுக்கும் பங்குண்டு.

ஆனால் பேர் கிடைத்தால் போதாது. தென் அமெரிக்காவின் பொலிவியா நாடு முன்னின்று கேட்டு, அங்குள்ள மலைத் தானியமான கினுவாவுக்கு 2013-ஐ ஐ.நா. ஆண்டாக்கியது. விலை ஏறியது. உடனே பக்கத்து நாடான பெருவின் கடலோரச் சமவெளிகளிலும் கினுவா பயிரானது. வரத்து பெருகி, 2015-இல் விலை சரிந்தது. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்துவந்த மலைமேட்டு விவசாயிக்குத்தான் அடி.

நம் கதை வேறு. உங்கள் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஒரு வாசலில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா சாமையை உரலில் குத்துவார், முறத்தில் புடைப்பார், உமி போகாததை மறுபடி உரலில் போடுவார். கடுகளவு மணி அது, தோல் இறுகிப் பிடித்திருக்கும். நெல் மில் அதற்கு உதவாது. தனி இயந்திரம் வேண்டும். அது பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்கள் விளைந்ததை அப்படியே வியாபாரியிடம் போட்டுவிட்டு ரேஷன் அரிசி பொங்குகிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலையில் பெண்கள் குழுக்களுக்கு உமி நீக்கும் இயந்திரம் வைத்துக் கொடுத்தது, இந்தச் சிறுதானிய ஆண்டு அறிவிப்புக்கெல்லாம் வெகுகாலம் முன்பு.

இன்னொன்று. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை சோளம், கம்பு, கேழ்வரகுக்கு இருந்தது. சாமை, தினை, வரகுக்கு இல்லை. விழா மேடையில் எல்லாவற்றுக்கும் ஒரே மாலைதான்.

கேழ்வரகுக்கு நடந்ததைப் பாருங்கள். 2023-24-இல் குவிண்டாலுக்கு ஆதரவு விலை 3,846 ரூபாய். தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டமும் அந்த ஆண்டே வந்தது. வாங்கும் ஆளும் வாங்கும் விலையும் இருந்ததால் விழா அங்கே வயல்வரை போனது. சாமைக்கும் இதைத்தான் கேட்கிறேன்.

கொல்லிமலை உங்களுக்குப் பக்கம்தானே. அறுவடை முடிந்ததும் ஒருமுறை போய்வாருங்கள். அந்த உலக்கையைக் கேட்டு வாங்கி, ஒரு படி சாமை குத்திப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்