முடிந்த பிறகு வா என்று யாரிடம் சொன்னீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 28. நாடகம் எழுதி இயக்குகிறேன். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை ஆறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதையை இப்போது உருவாக்கி வருகிறேன். இன்னும் முடியவில்லை. புதிய குழுக்களுக்காக நடக்கும் நிகழ்வுகளில் 20 நிமிடப் பகுதியாக மூன்று முறை நடித்துக் காட்டினோம். பார்வையாளர்கள் சீட்டில் கருத்து எழுதித் தந்தார்கள். ஒருவர் மெதுவாகப் போகிறது என்கிறார். இன்னொருவர் அந்த மௌனம்தான் அழகு என்கிறார். 'இவ்வளவு பொறுமையான பெண் இருக்கவே மாட்டாள்' என்று நான்கு பேர் எழுதியதால், அவள் கதவை அறைந்துவிட்டு வீட்டை விட்டுப் போவதுபோல் மாற்றினேன். இப்போது இது என் நாடகம்தானா என்றே தெரியவில்லை. (வசனங்களில் பெரும்பகுதி என் அக்காவின் பழைய நோட்டிலிருந்து எடுத்தது. அப்பாவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நாடகத்தைப் பார்க்க அவளுக்கும் ஆசை. முழுதாக முடிந்த பிறகு வா என்று சொல்லியிருக்கிறேன்.) நான்காவது முறை காட்டலாமா, நிறுத்திவிடலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் முன்பின் தெரியாதவர்களின் சீட்டுகள். அக்காவுக்குக் கிடைத்தது ஓர் அடைப்புக்குறி. நான் அந்த அடைப்புக்குறிக்குள்தான் நிற்கப் போகிறேன்.

பார்வையாளர் கருத்தால் குழம்பிப்போனேன் என்று எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. அதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நோட்டைப் பார்ப்போம். மாதிரிக்கென்று அதிலிருந்து சில வரிகளைக் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். 'இரவு 11.40 தண்ணீர் 50 மில்லி. இறங்கியது. 12.00 இடப்பக்கம் திருப்பினேன். 2.05 வலப்பக்கம். 4.00 இடப்பக்கம். முதுகில் சிவப்பு இல்லை.'

பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவது சிரமம். தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் 'இறங்கியது' என்று எழுதி வைத்திருக்கிறாள். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை அடிக்கடி திருப்பிவிடாவிட்டால் படுக்கைப் புண் வரும். தோல் முதலில் சிவக்கும். 'சிவப்பு இல்லை' என்ற இரண்டே சொல்லில், விடியற்காலை நான்கு மணிக்கு அந்தப் பெண் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்கிறது. உங்களுக்கும் கேட்டிருக்கிறது. இல்லாவிட்டால் அந்த வரிகளை எடுத்திருக்க மாட்டீர்கள்.

அப்படியிருக்க, இப்படியொரு பொறுமை உலகத்தில் கிடையாது என்று நான்கு பேர் சீட்டில் எழுதியதும் நம்பிவிட்டீர்கள். சாட்சி உங்கள் கையில் இருந்தது, தேதியும் நேரமும் போட்டு. அதை மூடி வைத்துவிட்டு அவளைக் கதவை அறைந்துகொண்டு வெளியேற வைத்தீர்கள். உங்கள் வீட்டில் அந்தக் கதவைத் தாண்டிப் போனது யார்? அக்கா போகவில்லை. நீங்கள் போனீர்கள். நாடகம் செய்யப் போனதைத் தவறென்று நான் சொல்லவில்லை. நீங்கள் போக முடிந்ததே அவள் இருந்ததால்தான். அவள் இருந்ததை அழித்துவிட்டு, நீங்கள் போனதை அவள் மேல் எழுதியிருக்கிறீர்கள். இது உங்கள் நாடகம்தானா என்ற சந்தேகம் அங்கேதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவளுக்குக் கோபமே வந்திருக்காதா? வந்திருக்கும். யார் மேல், எந்த ராத்திரியில், அதை அவள் என்ன செய்தாள் என்று அவளிடம் கேட்டீர்களா?

'முழுதாக முடிந்த பிறகு வா.' இந்த வரியை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எனக்கு எழுதியிருக்கிறார்கள். அரைகுறையாகக் காட்டினால் வீட்டார் மனம் நோகும், முடிந்ததைக் காட்டினால் பெருமைப்படுவார்கள் என்று நினைக்கிறீர்கள். நாடகம் அரைகுறையாக இருக்கும்போதுதான் அவளால் 'இதை எடுத்துவிடு' என்று சொல்ல முடியும். விளக்கு அமைத்து, டிக்கெட் விற்று, அரங்கேற்றத் தேதியும் குறித்த பிறகு அவள் என்ன சொல்வாள்? தம்பியின் முகத்தைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்பாள். மறுக்கும் உரிமையை அந்நியர்களுக்கு மூன்று முறை கொடுத்தீர்கள். யாருடைய வாழ்க்கையோ அவளுக்குக் கைதட்டும் உரிமையை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, தம்பி. ஒரு வீட்டில் பாரம் சுமப்பவரை எல்லாவற்றுக்கும் கடைசியில் நிறுத்துவது நம் பழைய குற்றம். அதை மேடை வரைக்கும் கொண்டு போகாதீர்கள்.

இனி சீட்டுகள். முடியாத நாடகத்தைக் காட்டுவது நல்ல வழக்கம், அதை விட்டுவிட வேண்டாம். அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய யூஜீன் ஓநீல் நாடக மையத்தில் நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே புதிய நாடகங்களை வாசித்து நடிப்பார்கள். எழுதியவர் பார்த்துவிட்டுத் திருத்துவார். லண்டனில் பேட்டர்சி கலை மையம் 2000ஆம் ஆண்டளவில் 'ஸ்கிராட்ச்' என்ற பெயரில் அரைகுறைப் படைப்புகளுக்கென்றே மாலை நிகழ்வுகளை நடத்தத் தொடங்கியது. பார்ப்பவர் அங்கே நீதிபதியாக வருவதில்லை, துணைக்கு வருகிறார்.

நீங்கள் வெற்றுச் சீட்டை நீட்டினீர்கள். வெற்றுச் சீட்டைக் கொடுத்தால் யாரும் தீர்ப்புத்தான் எழுதுவார்கள். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் ஒரு முறையை வகுத்தார். முதலில் பார்த்தவர்கள் தங்கள் மனத்தில் எது தங்கியது என்று மட்டும் சொல்வார்கள். அடுத்துப் படைத்தவர் தனக்கு வேண்டியதைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேட்பார்கள், கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்காமல். கடைசியில்தான் கருத்து. அதையும் 'இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லட்டுமா?' என்று அனுமதி கேட்டுத்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று படைத்தவர் மறுக்கலாம். நீங்கள் முதல் மூன்று படிகளையும் விட்டுவிட்டு நேராக நான்காவது படியில் போய் விழுந்திருக்கிறீர்கள்.

அடுத்த முறை 'எந்த இடத்தில் உங்கள் கவனம் விலகியது?', 'அவள் ஏன் போகாமல் இருக்கிறாள் என்று தோன்றியது?' என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் கதவு தேவைப்பட்டிருக்காது. இருக்கையில் நெளிந்தது எங்கே, இருமல் எழுந்தது எங்கே என்று குறித்துக்கொள்ள நண்பர் ஒருவரைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். சீட்டை விட அது நம்பகமானது. மெதுவாகப் போகிறது என்றவரும் மௌனம் அழகு என்றவரும் ஒரே காட்சியைச் சொல்கிறார்கள் என்றால், அந்த இடத்தில் ஏதோ நடக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படித் திருத்துவது என்பது உங்கள் வேலை.

நான்காவது முறை காட்டுங்கள். ஆனால் அதற்கு முன் வீட்டுக்குப் போங்கள். நோட்டைக் கேட்டுத்தான் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அதை அக்காவின் கையில் திருப்பிக் கொடுங்கள். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கதவை அறையும் காட்சி உட்பட முழுப் பிரதியையும் வாசித்துக் காட்டுங்கள். இந்த வரிகளை மேடையில் சொல்லலாமா என்று கேளுங்கள். அவள் வேண்டாம் என்ற வரியை அங்கேயே அடித்துவிடுங்கள். அப்பாவுக்கும் காது கேட்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அவள் சம்மதித்தால், நான்காவது முறை காட்டும்போது பார்க்க அவளை அனுப்புங்கள். அவள் வந்துவிட்டால் அன்று மாலை அப்பாவோடு யார் இருப்பது என்பீர்கள். நீங்கள்தான் இருக்க வேண்டும். நடிகர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் இல்லாமல் 20 நிமிடம் ஓடும். எத்தனை மணிக்குத் தண்ணீர், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவள் எழுதி வைத்துவிட்டுப் போவாள். கீழே உங்கள் கையெழுத்தில் நேரத்தைக் குறித்து வாருங்கள். திரும்பி வந்ததும் அவள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பாள்.