குடியும் பி வைட்டமினும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கணவர் இருபது வருடமாகக் குடிக்கிறார். ரத்தத்தில் பி12 நன்றாக இருக்கிறதாம். நிம்மதியாக இருக்கலாமா, டாக்டர்? (வாசகி, செந்தூல்)

அந்த ஓர் எண்ணை நம்பிவிடாதீர்கள் அம்மா. பி12-ஐச் சேமித்து வைப்பது கல்லீரல். அது கெடும்போது சேமிப்பு ரத்தத்தில் கசிந்து, அளவு சரியாகவோ கூடுதலாகவோ தெரியும். ஃபோலேட் (இதுவும் ஒரு பி வைட்டமின், பி9), கல்லீரல் பரிசோதனை, சிவப்பணுக்களின் பருமன் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குடி டிஎன்ஏவையே மாற்றும் என்கிறாள் மகள். உண்மையா? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

மகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. டிஎன்ஏவின் மேல் ஆங்காங்கே மெத்தில் என்ற சின்னக் குறி ஒட்டியிருக்கும். எந்த மரபணு வேலை செய்யவேண்டும், எது அடங்கியிருக்கவேண்டும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் குறியைத் தயாரிக்க ஃபோலேட், பி12, பி6 மூன்றும் வேண்டும். அதிகமாகக் குடித்தால் குடல் ஃபோலேட்டைச் சரியாக உறிஞ்சாது. சிறுநீரிலும் கூடுதலாகப் போய்விடும். மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடோ, ஹோமோசிஸ்டீன் என்ற பொருளை மெத்தியோனினாக மாற்றும் நொதியையே முடக்குகிறது. மெத்தில் குறி வருவது அந்த மெத்தியோனினிலிருந்துதான். அதனால் ஹோமோசிஸ்டீன் தேங்குகிறது, மெத்தில் குறைகிறது. விளைவு எல்லா இடத்திலும் ஒன்றல்ல: சில மரபணுக்களில் குறி குறையும், சிலவற்றில் கூடும். எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்: குடியை விட்டவர்களிடம் பல குறிகள் குடிக்காதவர்களின் அளவை நோக்கித் திரும்புகின்றன.

சம்சு சாராயத்தை விட்டு இப்போது பீர்தான். மாதம் ஒரு நியூரோபியன் ஊசியும் போடுகிறேன். போதாதா? (வாசகர், பட்டர்வொர்த்)

போதாது ஐயா. அந்த ஊசியில் பி1, பி6, பி12 உண்டு, ஃபோலேட் கிடையாது. அதற்காக ஃபோலேட் மாத்திரையான ஃபோலிக் அமிலத்தை மட்டும் நீங்களே வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம். பி12 குறைவு இருந்தால், ரத்தசோகை சரியானதுபோல் தெரியும். நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பருப்பு, கீரை நல்லதுதான், ஆனால் பீரிலும் இருப்பது அதே ஆல்கஹால்.

அண்ணன் குடிக்காத நேரத்திலும் தள்ளாடுகிறார், பேச்சும் குழம்புகிறது. (வாசகி, பிறை)

இன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். போதை என்று விட்டுவிடாதீர்கள். பி1 குறைவால் வரும் வெர்னிக்கி மூளைநோயாக இருக்கலாம். உடலில் பி1 இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். அவர் குடிப்பதை வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம், முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பி1 தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

அப்பாவை வீட்டிலேயே வைத்து ஒரேயடியாகக் குடியை நிறுத்தலாமா? (வாசகர், கெப்போங்)

தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், தம்பி.