நான்காவது இன்னிங்ஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். வேலைக்காக ஷிகாகோ பக்கம் வந்தபின் பத்து வயது மகனுக்காக பேஸ்பால் பார்க்கத் தொடங்கினேன். அவன் பிடித்துக்கொண்டது ஒயிட் சாக்ஸ் அணியை. 2024ல் அவர்கள் 162 ஆட்டங்களில் 121 தோற்றார்கள். பள்ளியில் ஊரின் இன்னொரு அணியான கப்ஸின் தொப்பி போட்ட பையன்கள் இன்னும் அதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். சில சமயம் நானும் சிரித்துவிட்டேன். அடுத்த ஆண்டு நல்ல இளம் வீரரை முதலில் எடுப்பதற்காக வேண்டுமென்றே தோற்றார்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு மனம் வைத்து ஆடவில்லை. ஆட்டத்தை நடத்தும் மேனேஜரும் சரியில்லை. மே மாதம் ஓர் ஆட்டத்தை அம்பயரே பிடுங்கிக்கொண்டார். இவ்வளவுக்கும் பிறகு தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்கிறான். அவனை வேறு அணிக்கு மாற்றிவிடலாமா?

க., நேப்பர்வில்

அன்புள்ள க.,

மாற்ற வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்த தொப்பியை அப்பா கழற்றக் கூடாது. நீங்கள் சிரித்தது தவறு. அதை இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி: ‘மனம் வைத்து ஆடவில்லை’. தோற்ற அணியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் இது வந்து நிற்கிறது. அந்த 2024 பருவத்தின் கணக்குகளை நான் கொஞ்ச நாளாகவே புரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்ததால் நீளமாகவே எழுதுகிறேன்.

வேண்டுமென்றே தோற்றார்கள் என்பதில் பொருளில்லை. லீகும் வீரர்களும் 2022ல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இளம் வீரர் தேர்வின் முதல் ஆறு இடங்கள் குலுக்கலில்தான் முடிவாகின்றன. மற்ற அணிகளுக்கு வருவாயில் பங்கு கொடுக்கும் பெருநகர அணி, ஓர் ஆண்டு அந்த ஆறுக்குள் வந்தால் அடுத்த ஆண்டு வர முடியாது. 2024 தேர்வில் ஒயிட் சாக்ஸ் ஐந்தாம் இடத்தைப் பெற்றுவிட்டது. அதனால் 121 தோல்விக்குப் பிறகு 2025ல் கிடைத்தது பத்தாவது இடம். பருவத்தின் முதல் பந்து வீசப்படும் முன்பே எல்லோருக்கும் தெரிந்த விதி இது.

மேனேஜர் விஷயம் அதைவிடச் சின்னது. பெத்ரோ க்ரிஃபோலை ஆகஸ்ட் 8 அன்று நீக்கினார்கள். அப்போது 28 வெற்றி, 89 தோல்வி. பிறகு வந்த க்ரேடி சைஸ்மோர் 13 வென்று 32 தோற்றார். அந்த விகிதத்தில் முழுப் பருவம் ஆடியிருந்தாலும் 115 தோற்றிருப்பார்கள்.

நீங்கள் சொல்லும் அந்த மே 23 ஆட்டத்தை மட்டும் ஒருமுறை கிட்டத்தில் பார்ப்போம். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், எதிரணி பால்டிமோர் 8-6 என்று முன்னால். ஒருவர் அவுட். முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ஆட்கள். ஆண்ட்ரூ பெனின்டென்டி அடித்த பந்து உள்வட்டத்துக்கு மேலேயே செங்குத்தாக எழுந்தது. இப்படிப்பட்ட பந்தை ஃபீல்டர் வேண்டுமென்றே நழுவவிட்டு இருவரை அவுட்டாக்கிவிடக் கூடாது என்பதற்காக, அடித்தவர் அப்போதே அவுட் என்று அம்பயர் அறிவிப்பார். இரண்டாம் பேஸிலிருந்து சற்று நகர்ந்திருந்த ஆண்ட்ரூ வான் திரும்பி பேஸுக்கு வருகிறார். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர், ஷார்ட்ஸ்டாப் ஹெண்டர்சன் பந்துக்காக வருகிறார். வான் அவர் வழியில் இருந்தார் என்று அம்பயர் அவரையும் அவுட் கொடுத்தார். ஹெண்டர்சன் சிரமமில்லாமல் பந்தைப் பிடித்தார், ஆனாலும் மூன்று அவுட் ஆகிவிட்டதால் ஆட்டம் முடிந்தது. கடுமையான தீர்ப்புதான். ஆனால் அந்த நேரத்தில் பலகையில் எதிரணிக்கு எட்டு ரன் இருந்தது. அந்த எட்டை அம்பயர் கொடுக்கவில்லை.

துரதிர்ஷ்டத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. எடுத்த ரன்னை வர்க்கமாக்குங்கள். கொடுத்த ரன்னையும் வர்க்கமாக்கி அதோடு கூட்டுங்கள். முதல் எண்ணை இந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால், வெற்றி விகிதம் ஏறத்தாழ வந்துவிடும். அவர்கள் எடுத்தது 507, கொடுத்தது 813. விடை 0.28. 162 ஆட்டத்துக்கு 45 வெற்றி. உண்மையில் வென்றது 41. அம்பயர், மேனேஜர், அதிர்ஷ்டம், உங்கள் ‘மனம்’ எல்லாவற்றையும் இந்த நான்கு ஆட்டங்களுக்குள்தான் திணிக்க வேண்டும். மிச்சமுள்ள தோல்வியெல்லாம் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

அந்த 813 எப்படி வருகிறது என்பதுதான் விஷயம். கிரிக்கெட் பழக்கத்தில் அதைத் தவறவிடுகிறீர்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வீசுவார். ஒரு நாளில் அவர் தோளுக்கு 90 முதல் 100 பந்து. ஒரு இன்னிங்ஸுக்கு 15 பந்து என்று போனால் ஆறு இன்னிங்ஸ் வரும். இரண்டாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், ஷார்ட்ஸ்டாப் பக்கம் ஒரு தரைப்பந்து என்று வையுங்கள். நல்ல ஆள் இரண்டடி முன்பே நகர்ந்திருப்பார், இன்னிங்ஸ் 14 பந்தில் முடிந்திருக்கும். இவர் கையுறைக்கு அரை அடி வெளியே பந்து போகிறது. தொடவே இல்லை என்பதால் புத்தகத்தில் அது பிழை ஆகாது, ஹிட், அதாவது அடித்தவரின் வெற்றி, என்றே பதிவாகும். அடுத்தவர் எட்டுப் பந்து நின்று வாக் வாங்கி, அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகிறார். அதற்கடுத்தவர் அடிக்கிறார். 14ல் முடிய வேண்டியது 31ல் முடிகிறது. நான்காவது இன்னிங்ஸ் முடியும்போது அவர் 88 பந்து வீசிவிட்டார். அவரை எடுத்தாக வேண்டும்.

மீதி ஐந்து இன்னிங்ஸை யார் வீசுவது? அணியில் 26 பேர். அதில் பிட்சர்கள் அதிகபட்சம் 13, ஐந்து பேர் தொடங்குபவர்கள், எட்டுப் பேர் புல்பென்னில், அதாவது இடையில் வந்து வீசக் காத்திருப்பவர்கள். இன்று மூன்று நான்கு பேர் வந்து ஒப்பேற்றுவார்கள். நாளை அவர்களில் ஒருவரை மறுபடி கூப்பிடலாம். மூன்றாம் நாளும் கூப்பிட்டால் அவர் வளைத்து வீசும் ஸ்லைடர் திரும்பாது, அடிப்பவருக்கு வசதியாகத் தட்டில் வந்து உட்காரும். சரி, கீழ்நிலை அணியான ஷார்லட்டிலிருந்து புதிய கையைக் கொண்டுவரலாம் என்றால், அதற்கு ஒருவரைக் கீழே அனுப்ப வேண்டும். அனுப்பப்பட்ட பிட்சர், யாருக்காவது காயம் பட்டாலொழிய, 15 நாள் திரும்ப முடியாது. ஒரே ஆளை ஒரு பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் அனுப்பவும் முடியாது. சிலரை அனுப்பும் உரிமையே தீர்ந்திருக்கும், அனுப்பினால் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலை இருக்கும்போது மேனேஜர் திரும்பிப் பார்த்தால், அங்கே எஞ்சியிருப்பவர் அந்த வேலைக்கு ஆகாதவர். திங்கட்கிழமை தவறிய அரை அடி வியாழக்கிழமை ஆட்டத்தைத் தோற்கடிக்கிறது.

பருவம் முழுவதற்கும் கணக்குப் போடுங்கள். தொடங்குபவர்கள் சராசரியாக ஒரு இன்னிங்ஸ் முன்னால் வெளியேறினால், புல்பென் மேல் 162 இன்னிங்ஸ் கூடுதலாக விழுகிறது. புல்பென்னிலிருந்து வரும் ஒரு ரிலீவர் ஒரு பருவத்தில் அறுபது அறுபத்தைந்து இன்னிங்ஸ் வீசுவார். அதாவது இரண்டரை ஆளின் வேலையை இல்லாத ஆட்களிடம் வாங்குகிறார்கள். ஆட்டத்துக்கு மூன்றே ரன் எடுக்கும் அணியில் இது இன்னும் மோசமாகும். ஒரு பந்துகூடத் தவறக் கூடாது என்று பிட்சர் ஓரத்துக்கு ஓரம் வீசுவார். வாக் கூடும். பந்து எண்ணிக்கை கூடும். மறுபடியும் நான்காவது இன்னிங்ஸ்.

பிட்சர் காரெட் க்ரோஷேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2024க்கு முன் அவர் பெரிய லீகில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியதில்லை. முழங்கை அறுவைச் சிகிச்சையால் 2022 முழுதும் ஆடவில்லை. அந்த ஆள் 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். பருவத்தின் பாதியிலேயே நூறு இன்னிங்ஸைத் தாண்டிவிட்டதால், கையைக் காப்பாற்ற, அதன்பின் நான்குக்கு மேல் வீச விடவில்லை. அது சரியான முடிவு. ஆனால் அணியின் மிகச் சிறந்த பிட்சர் வீசும் நாளிலும் புல்பென் ஐந்து இன்னிங்ஸ் சுமந்தது. அவர் பெயருக்கு நேரே 6 வெற்றி, 12 தோல்வி என்று எழுதியிருக்கிறது. இவரையா மனம் வைக்கவில்லை என்கிறீர்கள்?

கோபப்பட வேண்டுமானால் களத்துக்கு வெளியே இருப்பவர்கள் மேல் படுங்கள். 2021ல் 93 வெற்றியுடன் பிரிவை வென்ற அணி இது. பிறகு 81, 61, 41. 2023 ஜூலையில் பிட்சர்கள் ஜியோலிட்டோவும் லின்னும் போனார்கள். 2024 மார்ச்சில், பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, பிட்சர் டிலன் சீஸைச் சான் டியேகோ அணிக்குக் கொடுத்தார்கள். ஜூலை 25 அன்று அவர் அந்த அணிக்காக ஒரு ஹிட்டும் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். அப்போது ஒயிட் சாக்ஸ் ஜூலை 10ல் தொடங்கிய 21 தொடர் தோல்விகளின் நடுவில் இருந்தது. அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிட்சர்கள் எரிக் ஃபெடியையும் மைக்கேல் கோபெக்கையும் விற்றார்கள். ஆளை விற்று இளைஞர்களை வாங்குவது முறையான வழிதான். போனவருடைய இன்னிங்ஸை யார் வீசுவது என்று ஏற்பாடு செய்யாமல் விற்பது, இருக்கும் கைகளை உடைப்பது. க்ரோஷேயையும் பருவம் முடிந்ததும் பாஸ்டனுக்குக் கொடுத்து, கைல் டீல், சேஸ் மைட்ராத் போன்ற இளைஞர்களை வாங்கினார்கள். 2025ல் 60 வெற்றி வந்தது.

ஒன்றை மட்டும் உங்கள் பையனிடம் சொல்லுங்கள். செப்டம்பர் 22 அன்று சான் டியேகோவில் 120வது தோல்வி. நவீன காலத்தில் அதுவரை மிக அதிகமான, 1962 நியூயார்க் மெட்ஸின் எண்ணிக்கையோடு சமம். மறுநாளே விட்டுவிட்டிருக்கலாம். ஊர் திரும்பி ஏஞ்சல்ஸை மூன்று ஆட்டத்திலும் வென்றார்கள். 27ம் தேதி டெட்ராய்ட்டில் 4-1 என்று அந்த 121 வந்தது. எதிரணி பிளேஆஃப் நுழைவைக் கொண்டாடிய இரவு அது. அடுத்த இரண்டு நாளும் அதே மைதானத்தில் அதே அணியை வென்றார்கள். கடைசி ஆறில் ஐந்து. அந்த டெட்ராய்ட்டே 2003ல் 119 தோற்று, கடைசி ஆறில் ஐந்தை வென்று, 2006ல் உலகத் தொடர் ஆடிய அணி.

அடுத்த முறை மைதானத்துக்குப் போகும்போது அவனுக்கு ஒரு ஸ்கோர் புத்தகமும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் கீழே பிட்சர் வீசிய பந்து எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். 25ஐத் தாண்டும் இன்னிங்ஸில், எந்தப் பந்து யார் கையுறைக்கு எட்டாமல் போனது என்று பக்கத்தில் குறிக்கட்டும். ஷார்ட்ஸ்டாப்புக்கு எண் 6, இரண்டாம் பேஸ் ஃபீல்டருக்கு 4. நான்காவது இன்னிங்ஸ் முடிவில் கூட்டுத்தொகை 80ஐத் தாண்டினால், வேலிக்குப் பின்னால் யார் எழுந்து கையைச் சுழற்றுகிறார் என்று அவனே உங்களுக்குக் காட்டுவான்.