கேபிளை எத்தனை தடவைதான் இறுக்குவது?

கேள்வி: என்னிடம் இருப்பது 2007 மாடல் பொலேரோ, ஃபோர் வீல் டிரைவ். வீட்டு வாசலே சரிவு. ஹேண்ட்பிரேக்கை முழுக்க மேலே இழுத்தாலும் வண்டி மெல்ல நகர்கிறது. ஆறு மாதத்தில் மூன்று தடவை பட்டறையில் கேபிளை டைட் செய்து கொடுத்தார்கள். தடவைக்கு 500 ரூபாய். பத்து நாள் நன்றாகப் பிடிக்கும், அப்புறம் பழைய கதைதான். கேபிளையே புதிதாக மாற்றிவிடலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: அவசரப்பட்டுக் கேபிள் வாங்காதீர்கள். உங்கள் 1,500 ரூபாய் போனது தப்பான இடத்துக்கு. கோளாறு பெரும்பாலும் லீவர் பக்கம் இருக்காது, பின் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் உருளையான டிரம்முக்குள் இருக்கும்.

உங்கள் வண்டியில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் கேபிள் போய் டிரம்முக்குள் இருக்கும் ஒரு கையை இழுக்கிறது. அது பிரேக் ஷூவை விரித்து டிரம்மில் அழுத்துகிறது. ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் தேயத் தேய, டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடும். அந்த இடைவெளியைச் சரி செய்யாமல் கேபிளை மட்டும் முறுக்கினால், உள்ளே இருக்கும் கை தன் இடத்துக்குத் திரும்பாமல் பாதி இழுத்தபடியே நின்றுவிடும். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள டிரம்மாக இருந்தால் அதுவும் வேலை செய்யாது. கொஞ்ச நாளில் கால் பிரேக்கும் கீழே இறங்கும்.

ஆகவே பட்டறையில் இப்படிச் சொல்லுங்கள்: "கேபிளைத் தளர்த்திவிட்டு, இரண்டு பின் டிரம்மையும் கழற்றுங்கள், நான் பார்க்க வேண்டும்." கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். லைனிங் கண்ணாடி மாதிரி மினுமினுக்கிறதா? விரிசல் இருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதா? பிசுக்கு இருந்தால் ஆக்ஸில் ஆயில் சீலோ, கால் பிரேக்கை மிதித்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரோ ஒழுகுகிறது. முதலில் ஒழுகலை நிறுத்த வேண்டும், அப்புறம்தான் புது ஷூ. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுகிற வேலைக்குச் சம்மதிக்காதீர்கள், அது மறுபடி பிடிக்காது. ஷூ மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். டிரம்மின் உட்புறத்தைச் சீராக்கக் கடைசலுக்கு அனுப்பினால், அதிலேயே பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக்கூடாது. உள்ளே இருக்கும் தூசியைக் காற்று அடித்து ஊதவும் விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஊதுகிற பையனின் நுரையீரலுக்குத்தான் அது போகும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஷூவை டிரம்மில் லேசாக உரசும் அளவுக்கு வைத்து மூடி, கால் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்த பிறகு, கடைசியாகத்தான் கேபிளைத் தொட வேண்டும். லீவரை இறக்கியதும் இரண்டு சக்கரமும் கையால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலே இழுத்தால் ஐந்தாறு 'டக்' சத்தத்துக்குள் இரண்டும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால், மற்ற பக்கத்துக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. அப்போது தாராளமாகக் கேபிள் வாங்குங்கள்.

கேள்வி: ஹேண்ட்பிரேக் பிடிப்பதில்லை, கல் வைத்துச் சமாளிக்கிறேன். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அப்போது சேர்த்துச் சரிசெய்தால் போதாதா?
- வாசகர், ஏற்காடு

பதில்: போதாது. இந்த வாரமே செய்யுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் காட்டுவதற்காகவா பிரேக் வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி: பழைய ஜீப் ஒன்று வாங்கினேன். ஹேண்ட்பிரேக் உடும்புப் பிடி என்று விற்றவர் சொன்னார், அது உண்மையும்கூட. ஆனால் போன வாரம் பின் டயர் பஞ்சராகி ஜாக்கி வைத்துத் தூக்கியதும், ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து விழுந்துவிட்டது. என் கை தப்பியது தெய்வச்செயல். ஏமாற்றிவிட்டாரா?
- வாசகர், போடி

பதில்: கை தப்பியதே பெரிய விஷயம். விற்றவர் ஏமாற்றவில்லை, ஆனால் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேசுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில் ஒரு டிரம் இருக்கும். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளிலும், எஸ்டேட்களில் ஓடிய லேண்ட் ரோவர்களிலும் ஹேண்ட்பிரேக் அங்கேதான். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்ட் நின்றாலும், இரண்டு பின் சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் பல்சக்கரத் தொகுப்பான டிஃபரென்ஷியல் வேலை செய்யும். ஒரு பின் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கினால் அது எதிர்ப்பக்கம் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும், வண்டி போய்விடும்.

இனி ஜாக்கி வைக்கும் முன் மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் இரண்டையும் லாக் செய்து ஃபோர் வீலில் போடுங்கள், முன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். இன்னொன்று: டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தால், கியரில் போட்டு நிறுத்தியும் பயனில்லை. என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் அப்போது தொடர்பே கிடையாது. இந்த வகை பிரேக் பலவீனமானால் முதலில் டிரான்ஸ்ஃபர் கேசின் பின்பக்க ஆயில் சீலைப் பாருங்கள். அங்கே ஒழுகுகிற எண்ணெய் நேராக டிரம்முக்குள்தான் இறங்கும். ஓடும்போது இந்த பிரேக்கை இழுக்கவே கூடாது.

கேள்வி: பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வீடியோவில் பார்த்துவிட்டு, ஒரு தனியாளிடம் முழுப் பணமும் கட்டி எடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஹேண்ட்பிரேக் லீவர் தளதளவென்று ஆடுவது தெரிந்தது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
- வாசகர், சேலம்

பதில்: லட்சக்கணக்கில் கொடுக்கும் முன் ஒரு மேட்டில் நிறுத்தி லீவரை இழுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? இந்தப் பகுதியில் இதை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! வியாபாரியிடம் வாங்கியிருந்தால் வழி உண்டு. தன் சொந்த வண்டியை விற்ற தனியாள்மீது நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கடினம். டிரம்மைத் திறந்து பார்க்கிற செலவை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா போன பிறகு அவருடைய ஜீப்பை நான்தான் ஓட்டுகிறேன். ஹேண்ட்பிரேக் செட் முழுக்க மாற்றியதாகச் சொல்லி ஒரு பட்டறையில் 9,400 ரூபாய் வாங்கினார்கள். பில் கேட்டதற்கு, "நம்மகிட்ட எதுக்கும்மா பில்" என்றார்கள். இரண்டு வாரத்தில் பிடிப்பு போய்விட்டது. வேறு மெக்கானிக் திறந்து பார்த்தால், உள்ளே எல்லாம் பழைய சாமான். என்ன செய்யலாம்?
- வாசகி, வால்பாறை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அம்மா. தப்பு உங்கள்மேல் துளியும் இல்லை. நீங்கள் பில் கேட்டீர்கள். கொடுக்காதது அவர்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. என் ஜீப்புக்கு ஒரு ஸ்பேர்ஸ் கடையில் பிரேக் ஷூ வாங்கினேன். கம்பெனி பெட்டி போலவே இருந்தது, 400 ரூபாய் குறைவு. பில் போட்டால் வரி சேரும் என்றார் கடைக்காரர், சரி என்று வந்துவிட்டேன். மூன்றாம் மாதம் ஒரு சரிவில் வண்டி தானாக இறங்கி மண் திட்டில் முட்டி நின்றது. டிரம்மைக் கழற்றியபோது லைனிங் முழுசாக ஷூவிலிருந்து பெயர்ந்து, பிய்ந்த செருப்பு அட்டை மாதிரி உள்ளே கிடந்தது. பசை இருந்த இடத்தில் நாலு பொட்டு மட்டும். எடுத்துக்கொண்டு போனால், "நம்ம கடையில வாங்கினதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. திட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் நடக்கிற பாதை.

அதனால்தான் பில் விஷயத்தில் நான் விடுவதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்க மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று சுவரில் எழுதிவைத்தால் சட்டம் மாறிவிடாது. உதிரி பாகப் பெட்டியில் தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். இல்லாத பெட்டியை, யார் சொன்னாலும் பிரேக்குக்கு வாங்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் ஆதாரம் இல்லாமல் போகவில்லை. ஜிபே மாதிரி எதிலாவது பணம் அனுப்பியிருந்தால் அதுவே சான்று. பட்டறையோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். உள்ளே இருந்த பழைய ஷூவையும் கேபிளையும் படமெடுங்கள், இரண்டாவது மெக்கானிக்கிடம் பார்த்ததை எழுதி வாங்குங்கள். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அப்படியும் மசியவில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு, இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. முடிவு தெரிந்ததும் எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: ஆன்லைனில் ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் கிடைக்கிறது. பழைய கேபிளுக்குப் பதிலாக அதைப் போடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: கூடாது. எண்ணெய் அழுத்தம் இறங்கினால் பிடியும் போய்விடும், ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்திவைக்க அது ஆகாது.

கேள்வி: ஷூ ஆர்டர் செய்திருக்கிறேன், வர நாலு நாள் ஆகும். அதுவரை எங்கள் மேட்டுத் தெருவில் எப்படி நிறுத்துவது?
- வாசகர், கூடலூர்

பதில்: முடிந்தால் மேட்டில் நிறுத்தாதீர்கள், கீழே சமதளத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். வேறு வழியில்லை என்றால், வண்டி மேடு பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். தப்பி உருண்டாலும் ஓரத் திட்டில் போய் முட்டும்படி ஸ்டியரிங்கைத் திருப்பி வையுங்கள். இரண்டு சக்கரத்துக்குப் பள்ளத்துப் பக்கமாகக் கட்டை. காலையில் வண்டியை எடுத்ததும் அந்தக் கட்டையை எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் பைக்கில் வருகிறவர் அதில் ஏறிவிடப் போகிறார்.