காலியிடம் கூடினால் அம்மோனியா ஏன் குறைகிறது?

வணக்கம். டைட்டானியம் டையாக்சைடு தூளை ஹைட்ரஜனில் சூடாக்கி ஆக்சிஜன் காலியிடங்களை (ஆக்சிஜன் அணு விடுபட்ட இடங்களை) உண்டாக்குகிறேன். அதை நீரில் கலக்கி, நைட்ரஜன் செலுத்தி ஒளி பாய்ச்சினால் அம்மோனியா வருகிறது. தூளைக் கூடுதல் நேரம் சூடாக்கினால் விளைச்சல் இறங்கிவிடுகிறது. மீத்தேனால் சேர்த்தால், அம்மோனியாவை நிறம் வைத்து அளக்கும் நெஸ்லர் முறையில் பல மடங்கு காட்டுகிறது. எதை நம்புவது?
— ஆய்வு மாணவி, ராணிப்பேட்டை

அன்புள்ள மாணவிக்கு,

இறக்கத்தை நம்புங்கள். மீத்தேனால் காட்டும் ஏற்றத்தை இப்போதைக்கு நம்பாதீர்கள்.

ஒளி பட்டதும் பிறக்கும் எலக்ட்ரான்களும், அவை விட்டுவந்த நேர்மின் வெற்றிடங்களான துளைகளும் பெரும்பாலும் மேற்பரப்புக்கு வருமுன்னே ஒன்றோடொன்று சேர்ந்து அழிந்துவிடும். தப்பி வந்தவற்றுக்கும் வேலை எளிதில்லை. நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 941 கிலோஜூல் வேண்டும். அதன்மேல் ஒற்றை எலக்ட்ரானை ஏற்ற −4.16 வோல்ட் தேவை. இந்தத் தூளின் கடத்துபட்டை, அதாவது ஒளி பட்ட எலக்ட்ரான் ஏறி நிற்கும் ஆற்றல் மட்டம், −1 வோல்ட்டைக்கூட எட்டாது. காலியிடம் கைகொடுப்பது இங்கேதான். அதன் அருகிலுள்ள டைட்டானியம் அயனி எலக்ட்ரானைப் பிடித்து வைத்து, ஒட்டிய நைட்ரஜனின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டலுக்குக் கொடுக்கிறது. பிணைப்பு தளர்கிறது, புரோட்டான் கூடவே ஏறுகிறது. இப்படி ஆறு எலக்ட்ரான் சேர வேண்டும்.

அதிக நேரம் சூடாக்கினால் காலியிடம் துகளின் உள்ளேயும் பரவும். உள்ளே சிக்கிய எலக்ட்ரான் நைட்ரஜனுக்கு எட்டாது, துளைக்கு எட்டிவிடும். தூள் கருத்துப்போவதைப் பார்த்து மகிழாதீர்கள். அந்த நிறத்தில் உட்புறக் காலியிடமும் சேர்ந்திருக்கிறது. மேற்பரப்பில் இருப்பவை காற்றுப் பட்டால் நிரம்பிவிடும், செய்த அன்றே பயன்படுத்துங்கள்.

மீத்தேனால் துளைகளை வாங்கிக்கொண்டு எலக்ட்ரானைக் காப்பது உண்மைதான். ஆனால் அப்போது உண்டாகும் ஃபார்மால்டிஹைடு நெஸ்லர் கரைசலைக் கலங்கடித்து, 420 நானோமீட்டர் அளவீட்டைக் கெடுக்கும். முதலில் மீத்தேனால் இல்லாமல் செய்து, அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி குரோமட்டோகிராபியில் சரிபாருங்கள்.

உங்கள் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை. தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பு நீக்க அம்மோனியம் சல்பேட் போடுவார்கள். தோலைச் சுழற்றும் டிரம்மைத் திறந்தால் நெடி மூக்கைத் துளைக்கும். திறந்து வைத்த நீர் அந்தக் காற்றிலிருந்து அம்மோனியாவை உறிஞ்சும். நீங்கள் அளப்பதோ மைக்ரோமோல் கணக்கு. வாயுவை நீர்த்த கந்தக அமிலத்தில் கழுவிச் செலுத்துங்கள். ஆர்கானில் ஒளியோடு ஒரு முறை, நைட்ரஜனில் இருட்டில் ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் ஓட்டுங்கள். ஆர்கானிலும் அம்மோனியா வந்தால் அது மாசு.

கடைசியாக, அம்மோனியா நீங்கள் செலுத்திய வாயுவிலிருந்துதான் வந்ததா என்று அறிய நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) வாயுவைச் செலுத்திப் பாருங்கள். புரோட்டான் என்.எம்.ஆரில் (ஹைட்ரஜன் அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வு அளவீட்டில்) 73 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரட்டைக் கோடு வர வேண்டும். 52 ஹெர்ட்ஸில் மூன்று கோடுகள் வந்தால் அது சாதாரண நைட்ரஜனின் அம்மோனியா. அந்தச் சிலிண்டரிலேயே நைட்ரஜன்-15 அம்மோனியா கலந்திருக்கலாம், அதையும் அமிலத்தில் கழுவுங்கள்.