420 கிலோமீட்டர் பறக்க ஒன்றேகால் மணி நேரமா?

கேள்வி: சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம்? அரை மணி நேரத்தில் போக வேண்டிய ஊருக்கு டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடத்துக்கும் மேல் போட்டிருக்கிறார்களே, ஏன்?
– வாசகர், மேலூர்

பதில்: நேர்கோட்டுத் தூரம் சுமார் 420 கி.மீ. சாலையில் 460 கி.மீ.யை ஒட்டி வரும்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. சென்னையில் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மதுரையில் வந்து நிற்கும்வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கும்முன் சுற்றி வருவது எல்லாம் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்துத்தான் அட்டவணை போடுவார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே சில நாள் இறங்கிவிடுவது இதனால்தான்.

எந்த விமானம் என்பதையும் பாருங்கள். இறக்கைகளில் காற்றாடி சுழலும் ‘ஏ.டி.ஆர். 72’ ரக விமானம் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் பறக்கும், ஜெட் 800-ஐத் தாண்டும். ஆனால் இந்தத் தூரத்தில் விமானம் மேலே ஏறவும் கீழே இறங்கவுமே பாதி நேரம் போய்விடுவதால், ஜெட்டிலும் பெரிதாக மிச்சமாகாது.

உங்கள் கணக்கில் விடுபடுவது தரையில் போகும் நேரம். பெட்டி ஒப்படைக்கும் கவுன்டரைப் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். எனவே 2 மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். வீட்டுக்கு வீடு கணக்கிட்டால் ஐந்து மணி நேரம் ஆகும். எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் பகல்நேர விரைவு ரயிலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.